திறந்த வீட்டில் விருந்தாளி

மகளின் அடுக்குமாடி வீட்டிலிருந்து இறங்கி ஜெலுத்தோங் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பேருந்து நிறுத்தம் பின்னால் போய்விட்டது. நெடுநேரம் மடக்கி வைத்திருந்த கால்களுக்கு நடை தேவைப்பட்டது.

தீபாவளியன்று இங்கே வீட்டைத் திறந்து வைப்பார்கள். யார் வந்தாலும் சாப்பிடவைத்துத்தான் அனுப்புவார்கள். அதை நம்பித்தான் போனேன். அவள் ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது விட்டுப் போனவன் நான். ஈப்போ, கிள்ளான், ஜொகூர் என்று கிடைத்த வேலையைச் செய்து திரிந்தேன். வேறு நாளில் போயிருந்தால் கதவைச் சாத்தியிருப்பாள்.

என்னைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. பிறகு, "வாங்க, உட்காருங்க" என்றாள். யாரென்று கேட்ட கணவரிடம், "அம்மாவுக்குத் தெரிஞ்சவங்க" என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

மருமகன் கலகலப்பானவர். சோபாவில் சுவரோரமாக என்னை உட்காரவைத்தார். அவருடைய தொழிற்சாலைக் கூட்டாளிகள் இருவர் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்தார்கள். முன்னால் பலகார மேசை. எழுந்திருக்க வழியில்லை.

"என்ன அங்கிள், அதுக்குள்ள போதுமா? கோழி இன்னும் இருக்கு லா" என்றார் மருமகன்.

"வயசாயிடுச்சு தம்பி."

"நீங்க விட்டா உங்க பங்கையும் இவன் முடிச்சிடுவான். காலையிலேர்ந்து இது நாலாவது வீடு இவனுக்கு!" என்று ஒரு கூட்டாளியைக் காட்டினார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மீண்டும் தட்டு நிறைந்தது.

பேத்தி முறுக்கு டப்பாவை நீட்டி, "எடுத்துக்குங்க தாத்தா" என்றாள். வயதான எல்லாரையும் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து மகளின் குரல் வந்தது: "அங்கிள்னு சொல்லு."

நான் முறுக்கை எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது லிஃப்ட் வரை வந்தாள்.

"எதுக்கு வந்தீங்க?"

"மன்னிப்புக் கேக்கணும்னுதான்மா."

"கேட்டுட்டு பஸ் ஏறிடுவீங்க. என் மகளுக்கு நான் என்ன சொல்றது? இவர்தான் உன் தாத்தா, ஆனா எங்க இருக்காருன்னு தெரியாதுன்னா?"

நான் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினேன்.

"ஒரு எடத்துல இருந்து காட்டுங்க. ஓடாம. அப்புறம் என் வீட்டுக்காரர்கிட்ட பேசுறேன்."

லிஃப்ட் வந்தது. அது மூடும்வரை அவள் நிற்கவில்லை.

ஓரிடத்தில் இருந்தால் எனக்கு மூச்சு முட்டும். நல்ல சம்பளம் கிடைத்த இடங்களிலிருந்தும் கிளம்பியிருக்கிறேன். சண்டை எதுவும் இல்லை. காலையில் எழுந்தால் அதே சுவர், அவ்வளவுதான். சாலையில் போன ஒவ்வொரு பேருந்தையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். எதிலும் ஏறவில்லை.

மறுநாள் காலை அதே சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில் சட்டி கழுவ ஆள் கேட்டார்கள். ஜன்னல் இல்லாத பின்கட்டு. ஒருவர் நின்றால் இன்னொருவர் நகர முடியாது.

"இதுக்கு முந்தி இருந்தவன் சொல்லாம கொள்ளாம போயிட்டான். நீ எப்படி?" என்றார் முதலாளி.

அடையாள அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தேன்.

"இது எனக்கு எதுக்கு?"

"உங்ககிட்டயே இருக்கட்டும் பாய். நான் கேட்டாலும் குடுக்காதீங்க."

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அதைக் கல்லாவுக்குள் போட்டார். குழம்பு காய்ந்து ஒட்டிய பெரிய சட்டியைத் தொட்டிக்குள் இழுத்து, தேய்க்க ஆரம்பித்தேன்.