ராக்கத்தையின் கையெழுத்து

புது நோட்டின் கோந்து வாசம் இன்றைக்கும் எனக்கு ஆகாது. எங்கள் ஊராட்சி அலுவலகத்தில் கிராம சபைக்கென்று கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இருந்தது. ஊரில் அதற்குத் "தீர்மான நோட்டு" என்று பெயர். மக்கள் கூடிப் பேசி முடிவெடுத்து, அந்த முடிவின் கீழ்க் கையெழுத்துப் போடவேண்டும் என்பது சட்டம். கல்லலுக்குத் தெற்கே எங்கள் ஊரில் வரிசை கொஞ்சம் மாறியிருந்தது: முதலில் கையெழுத்து, பிறகு கூட்டம், அதற்கும் பிறகு, யாருக்கும் தெரியாமல், முடிவு.

கொடியேற்றும் நாளில் கூட்டத்துக்கு ஆள் சேராது என்பதால், "கிளார்க்" என்று நாங்கள் சொன்ன ஊராட்சிச் செயலர் ஒரு வாரம் முன்னதாகவே நூறு நாள் வேலை நடக்கும் கண்மாய்க் கரைக்கு நோட்டோடு வந்து, மேலே வெறுமையாக விட்ட பக்கத்தின் அடியில் பெண்களிடம் கையெழுத்து வாங்கிப் போவார். வெறும் கைநாட்டாக இருக்கிறதென்று யூனியன் ஆபீசில் ஏசினார்களாம். அந்த முறை அவர் கண்ணில் பட்டது நான். ஆறாம் வகுப்பு, லீவு நாளில் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன், எழுத்துப் போட்டியில் பரிசு வாங்கிய மண்டைக்கனம் வேறு. கைநாட்டுக்காரிகள் பன்னிரண்டு பேரின் பெயரையும், ஒன்றைச் சாய்த்து, ஒன்றை உருட்டி, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாதபடி நானே எழுதினேன். கள்ளத்தனத்தில் எனக்கு அவ்வளவு அக்கறை.

அவர்களில் ஒருவர் ராக்கத்தை, ஊருணிக் கரை ஓட்டு வீட்டில் தனியாக இருந்தவர். "எதுக்குய்யா இது?" என்று அவர் மட்டும்தான் கேட்டார்.

"ஒங்க பக்கம் குழாய் வேணும்ல, அதுக்குத்தேன்" என்றார் கிளார்க்.

அத்தை என் பக்கம் குனிந்து, "எம்பேர நல்லா வளச்சு எழுது தாயி" என்றார். வளைத்து எழுதினேன்.

குழாய் வரவில்லை, நோட்டீஸ் வந்தது. பக்கத்து வீதியில் விடுதியாக மாறியிருந்த பெரிய வீடொன்றைப் பார்க்க வருகிற வேன்கள் நிற்பதற்காக, ஊருணிக் கரை வீட்டை அகற்றும்படி கிராம சபை ஏகமனதாகத் தீர்மானித்திருந்தது, ராக்கத்தை உட்பட.

அடுத்த கூட்டத்துக்கு, ஆயுசில் முதல்முறையாக, அத்தை தானே வந்து முன்னால் உட்கார்ந்தார். யூனியனிலிருந்து வந்த அதிகாரி நோட்டைத் திருப்பிக் காட்டி, "இது உங்க கையெழுத்துதானேம்மா?" என்றார்.

"எனக்கு எழுதத் தெரியாது சாமி. கைநாட்டுத்தேன்."

"ஏத்தா, வீடு போகுதுன்னதும் எழுத்து மறந்துபோச்சாக்கும்?" என்றார் கிளார்க். கூட்டம் சிரித்தது. நான் யார் யார் பெயரை எழுதினேனோ அவர்களில் அத்தை போக மற்றப் பதினொரு பேரும் சேர்ந்து சிரித்தார்கள். பயந்தவர்களின் சிரிப்புக்குச் சத்தம் அதிகம். கிளார்க் விடவில்லை: "வேற ஆளு போட்டதுன்னா அது கள்ளக் கையெழுத்து. போலீசுக்கு எழுதிருவோம். யாரு போட்டதுன்னு சொல்லு."

அத்தை எழுந்து நின்று, திரும்பி என்னைப் பார்த்தார். அம்மாவின் கை என் தொடையை அழுத்தியது. கூட்டத்தில் எல்லோருக்கும் கொடுத்த மிக்சர் பொட்டலத்தை நான் பிரித்துக்கொண்டிருந்தேன், பிரிப்பதை நிறுத்தவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, "நாந்தேன் போட்டேன்" என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நாளில் ஜேசிபி வந்தது. அரைமணி நேரம்கூட வேலை இல்லை. அத்தை மானகிரியில் மகள் வீட்டுக்குப் போனார். என்னைக் காப்பாற்றத்தான் பழியை ஏற்றுக்கொண்டார் என்று நினைத்து, அந்த நினைப்பில் நான் பல வருஷம் நன்றாகவே தூங்கினேன்.

இப்போது ஊருணிக் கரை முழுக்கச் சிமெண்டுத் தளம். அங்கே ஒரு வீடு இருந்தது என்று சொல்லவும் ஆள் குறைந்துவிட்டது. கூட்டத்தைச் செல்போனில் படம் பிடித்து ஏற்றுகிறார்கள். படம் எடுத்து முடியும்வரை எல்லோரும் இருக்கிறார்கள். போன மாதம் மானகிரிக்குப் போய், "என்னையக் காட்டிக் குடுக்காம இருந்தீகளே அத்தை" என்று அவர் கையைப் பிடித்தேன். கையை உருவிக்கொண்டார்.

"நீயா எந்திரிப்பேன்னுதேன் அம்புட்டு நேரம் பாத்தேன்" என்றார்.

மகள் காபி கொண்டுவந்தாள். குடித்துவிட்டுத்தான் வந்தேன்.