ஸ்டேஷன் காலனி கோசலை

"அம்மா பூட்டாங்க சார்" என்று கோசலையின் மகள் செல்வி போன வாரம் ஒரு காலையில் சாவுச் செய்தி சொல்லிப் போன் செய்தாள். இப்போது நான் இருக்கும் வடக்குத்து ஊரிலிருந்து போய்ச் சேர்வதற்குள் பழைய ரயில் நிலையத்தின் வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது. 'எங்கள் நிலையத்தின் தாயே!' அதன் கீழே நிலையப் பாதுகாப்புக் குழுவினரின் முகங்கள், கோசலையின் முகத்தைவிடப் பெரிதாக.

காலனிக்காரர்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கம்மாபுரம் பக்கம் அவர் கூலி வேலை செய்த நிலம் சுரங்கத்துக்குப் போனது. கைக்குழந்தையோடு இங்கே கூட்ஸ் ஷெட்டுக்கு மூட்டை தூக்க வந்தார். நான் அங்கே புக்கிங் கிளார்க். பல மாவட்டத்துக்காரர்கள் பிளாட்பாரத்துக்குப் பின்னால் குடிசை போட, அது ஸ்டேஷன் காலனி ஆயிற்று. குடிக்கத் தண்ணீர் மட்டும் இல்லை. கோசலை பெண்களைத் திரட்டிக்கொண்டு காலிக் குடங்களோடு அதிகாரியின் அறையில் போய் உட்கார்ந்தார்.

"வேல நிக்காதுங்க. தண்ணி வர்ற வரைக்கும் ஆள் மாத்தி ஆள் ஒக்காந்துகினு இருப்போம்."

மூன்றாம் நாள் குழாய் வந்தது.

பிறகு கூட்ஸ் வண்டி வருவது நின்றது, நிலையமும் பாழடைந்தது. அதன் பழம்பெருமையைக் காக்க சென்ற ஆண்டு இந்தக் குழு கிளம்பியது. கட்டடத்துக்கு வண்ணம் அடித்தார்கள். வருகிறவர்கள் கண்ணில் காலனி படக் கூடாதென்று ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினார்கள். குழாய் நிலையத்தின் பக்கம் மாட்டிக்கொண்டது. அதையும் அடைத்தார்கள்.

திறப்பு விழாவில் பழைய புகைப்படங்களை மாட்டியிருந்தார்கள். ஒன்றில் இளவயதுக் கோசலை, தலையில் மூட்டையோடு. கீழே, 'பெயர் தெரியாத கூலிப்பெண்.' செல்வி வாசித்துக் காட்டியதும் அவர் நேராகக் குழுத் தலைவரிடம் போனார்.

"பேரு தெரியலன்னு எழுதியிருக்கீங்களே. இதோ நிக்கிறேன், கேளுங்க. அப்பிடியே கொழாய எப்ப தொறப்பீங்கன்னும் சொல்லுங்க."

தலைவர் சிரித்தார். "பெரியம்மா, போட்டோவுக்குக் குறுக்க நிக்காதீங்க." இரண்டு பேர் அவரை முழங்கையைப் பிடித்து வெளியே கொண்டுபோய் விட்டார்கள். பழைய ஊழியரென்று மேடையில் சால்வை போர்த்தி உட்காரவைக்கப்பட்டிருந்த நான் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவர் வீட்டுக்குப் போனேன். மெயின் ரோட்டிலிருந்து சுமந்து வந்த தண்ணீரில் டீ போட்டுக் கொடுத்தார்.

"அவனுங்களுக்கு என்னையத் தெரியாது. ஒங்களுக்குத் தெரியுமே சார்?"

வேறெதுவும் கேட்கவில்லை. நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன்.

நேற்று தலைவர் போன் செய்தார். இரங்கல் கூட்டமாம். "நாலு நல்ல வார்த்தை பேசுங்க சார்."

"கொழாயத் தொறந்துட்டுக் கூப்பிடுங்க" என்றேன். வைத்துவிட்டார்.

செத்த பிறகு காட்டுகிற வீரம் யாருக்கு வேண்டும்? கோசலையுடையதென்று என்னிடம் இருப்பது, 'ஒங்களுக்குத் தெரியுமே' என்ற அந்த ஒரு கேள்விதான். அதை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குழுவைவிட என்மீதுதான் அதிகம் அருவருப்பு வருகிறது. வரட்டும்.