காரியாபட்டியில் ஒரு துட்டி விசாரிப்பு

காரியாபட்டியில் பஸ் நிற்கிறது. டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார். எதிரே மதுரை போகும் பஸ்ஸில் படியில்கூட ஆள் தொங்குகிறது. மதுரையிலிருந்து வந்த எங்கள் பஸ்ஸில் பாதி சீட்டு காலி. அருப்புக்கோட்டை நூல் மில்லில் எனக்கு இன்று முதல் நாள் வேலை. ஊரே பட்டணத்துக்குப் போகும்போது நான் மட்டும் இந்தக் கரிசல் காட்டுக்குப் போகிறேனே என்று முகத்தைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மா ஜன்னலோரம் வருகிறார். என் வெள்ளை வேட்டியையும் வெறுங்கையையும் முகத்தையும் பார்த்ததும் கூவுவதை நிறுத்துகிறார்.

“துட்டிக்கா தம்பி போறீக? யாரு தவறுனது?”

காலையில் மதுரையிலிருந்து இந்தப் பக்கம் இப்படி வருகிறவன் வேறெங்கே போவான், சாவு வீட்டுக்குத்தான் என்று நினைத்துவிட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு பிஞ்சை என் கையில் வைத்து அழுத்துகிறார்.

“வெறும் வயித்தோட போகாதீக.”

துட்டிக்குப் போகிறவரிடம் ‘போயிட்டு வாங்க’ என்று யாரும் சொல்வதில்லை. அவரும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நகர்கிறார்.

சீட்டுக்கு அடியில் இருந்த சோற்றுத் தூக்குவாளியை எடுத்து ஜன்னலில் காட்டுகிறேன். “வேலைக்குப் போறேம்மா. இனிமே தினமும் வருவேன்.”

“மதுரையில இருந்து இங்கயா வேலைக்கு வாரீக?” வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்.

பஸ் கிளம்புகிறது. கூடையை இடுப்பில் இடுக்கியபடி ஜன்னலோடு கொஞ்ச தூரம் வேகமாக நடந்து வருகிறார்.

“போயிட்டு வாங்க தம்பி. போயிட்டு வாங்க.”