ஒரு அடுப்பா, ரெண்டு அடுப்பா?

தாராவியில் எனக்கு ஒதுக்கிய பிளாக்கில், முதல் நாள் நான்காவது வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன்.

நான் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் எங்களைத்தான் வீடு வீடாக அனுப்புவார்கள். இந்த முறை காகிதம் இல்லை, மொபைல் ஆப். பயிற்சி வகுப்பில் அதிகாரி, "ஒரே சமையல்ல சாப்பிட்டா ஒரே குடும்பம். அவ்வளவுதான்" என்று கையைத் தட்டி முடித்திருந்தார்.

அந்த வீட்டில் கீழே ஓர் அறை, இரும்பு ஏணி வைத்து மேலே ஓர் அறை. கீழே தையல்காரர் சுடலைமுத்துவும் மனைவி பொன்னுத்தாயும். மேலே தம்பி முருகனும் மனைவி செல்வியும். முருகன் டெம்போ ஓட்டப் போயிருந்தான்.

"எத்தனை குடும்பம் அண்ணாச்சி?"

"பக்கா ரெண்டு டீச்சர். அவன் சோறு வேற, எஞ்சோறு வேற" என்றார் சுடலைமுத்து.

ஏறிப் பார்த்தேன்; மூவரும் பின்னாலேயே வந்தார்கள். மேலே ஒரு கேஸ் அடுப்பு பளபளவென்று இருந்தது. சிலிண்டரைக் காணோம்.

"இதுல எப்படிம்மா சமைக்கிறீங்க?"

செல்வி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதற்குள் வாசலில் பக்கத்து வீட்டம்மாள் குரல்: "ஏ பொன்னு, டீச்சர் போயிட்டாவளா? என் அடுப்பைக் குடு, உலை வைக்கணும்!"

சுடலைமுத்து தலையைச் சொறிந்தார். "தாராவிய இடிச்சுக் கட்டும்போது ரெண்டு குடும்பம்னா ரெண்டு ஃபிளாட் தருவாவன்னு சொன்னாவ."

"இந்தக் கணக்கை வெச்சு யாருக்கும் ஃபிளாட் கிடைக்காது, யார் ஃபிளாட்டும் போகாது. உள்ளதைச் சொல்லுங்க."

"அப்பச் சரி. ஒண்ணுன்னே போடுங்க."

போடப் போனேன். "ரெண்டுன்னே இருக்கட்டும் டீச்சர்" என்றாள் செல்வி. இப்போது அவள் சிரிக்கவில்லை. "கல்யாணமாகி வந்து ஆறு வருசமாச்சு. இன்னைக்கு என்ன குழம்புன்னு ஒருநாள்கூட நான் முடிவு பண்ணதில்ல."

பொன்னுத்தாய் முகம் சுருங்கிவிட்டது. "நான் உனக்கு என்னத்தக் குறை வெச்சேன்?"

"ஒரு குறையும் வைக்கலக்கா. அதான் இத்தனை நாளாச் சொல்ல முடியல."

ஆசையைப் பதிவு செய்ய ஆப்பில் கட்டம் கிடையாது. அன்றைய நிலவரப்படி 'ஒன்று' என்று போட்டுவிட்டு, செல்வியின் முகத்தைப் பார்க்காமல் இறங்கினேன்.

சில மாதம் கழித்து, வீட்டுக் கணக்கு முடிந்து ஆட்களை எண்ணும் இரண்டாம் சுற்று. அதே பிளாக், அதே ஏணி. மேலே புது அடுப்பு, சிலிண்டரோடு.

"அக்காதான் கூட வந்து வாங்கித் தந்தாவ" என்றாள் செல்வி. "பத்து நாள் பேசல. பிறகு அவியளே வந்து கடைக்குக் கூப்பிட்டாவ."

கீழேயிருந்து பொன்னுத்தாய் கத்தினாள்: "அவ புளிக்குழம்பை வாயில வெச்சிராதீங்க டீச்சர், பல்லு கூசும்!"

"தெனம் ஒரு கிண்ணம் வாங்கிட்டுத்தான போறிய?"

கிண்ணம் மாறினாலும் சமையல் வேறு. விதிப்படி இரண்டு குடும்பம். போட்டேன்.

புதிதாக இந்த வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். கேள்வியை வாசித்தவுடன் அடுத்ததற்குத் தாவாதீர்கள். அந்த வீட்டில் அதுவரை யாரும் யாரிடமும் அதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.