நங்கையாள் வைத்த பலா

இராசிபுரத்தில் நான் வாழ்க்கைப்பட்ட வீடு நெசவு வீடு. உள்ளே குழித்தறி, வாசலில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்ட பாவு நூல், மூலைக்கு மூலை நூல்கண்டு. காய்கறி என்பது சந்தையில் கூடையோடு விளைகிற பொருள் என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். செடி, மண், உரம் என்று யாருக்கும் ஒன்றும் தெரியாது. இப்படிப்பட்ட வீட்டில் தோட்டம் போடலாம் என்று முடிவு செய்தவள் என் கணவரின் அக்காள்.

கணவரின் அக்காளை எங்கள் பக்கம் நங்கையா என்று கூப்பிடுவோம். அவளும் அவள் கணவரும் மகளும் அடுத்த வீட்டில் இருந்தார்கள். அவர்களுக்கும் தறிதான் பிழைப்பு. அவர் அதிகம் பேசமாட்டார். பேச வேண்டியதையெல்லாம் நங்கையாளே பேசிவிடுவாள். இரண்டு வீட்டுக்கும் பின்னால் சுவர் இல்லாத ஒரே புழக்கடை. அதில் துணி துவைக்கும் கல்லும், சாயம் போட்ட நூலை உலர்த்தும் கொடிகளும் மட்டுமே இருந்தன.

ஒரு சந்தை நாள் அவள் வாங்கி வந்த அவரைக்காயில் எதை உரித்தாலும் புழு. கூடையை அப்படியே சாக்கடையில் கொட்டிவிட்டு, இனி அவரைக்காய்க்கு எவன் கையையும் எதிர்பார்ப்பதில்லை என்று அறிவித்தாள். மறுநாளே புழக்கடையைக் கடப்பாரையால் கொத்தினாள். பாதி எனக்கு, பாதி அவளுக்கு. விவசாயம் செய்கிறவர்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்றேன்.

"வெதையப் போட்டா மொளைக்குது. இதுக்குப் போயி ஊரைக் கேக்கோணுமா அம்மணி" என்றாள்.

விதை போட்டாள். முளைக்கவில்லை. முளைக்காததற்குக் காரணம் எனக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. தினமும் விடிந்ததும் அவள் ஒரு குச்சியோடு போய், ஒவ்வொரு விதையாகத் தோண்டி எடுத்து, முளை வந்திருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி புதைத்துக்கொண்டிருந்தாள். பார்க்காவிட்டால் அது பாட்டுக்குச் சோம்பேறியாகக் கிடக்கும் என்பது அவள் எண்ணம்.

சிரித்தேன். ஆனால் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு வேறொன்று உறைத்தது. எனக்குக் கல்யாணம் ஆகிக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. என் கணவர் நன்றாகப் பேசுகிறவர்தான். ஆனால் கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவார். நான் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுக்கிற சாக்கில் அடிக்கடி போய், கோபம் தீர்ந்ததா, இன்னும் இருக்கிறதா, எதனால் என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். கேட்கக் கேட்கக் கோபம் நீண்டது. நங்கையாளின் விதைகளைப் பார்த்த பிறகு நான் கேட்பதை நிறுத்தினேன். அடுத்த கோபத்தில் சாயங்காலத்துக்குள் அவராகவே வந்து குழம்பில் உப்புக் குறைவு என்று பேச்சை ஆரம்பித்தார். அவரைக்குக் கிடைக்காத நன்மை எனக்குக் கிடைத்தது.

நானும் ஒன்றும் பெரிய தோட்டக்காரி இல்லை. என் பங்கில் கத்திரி நாற்று வைத்தேன். பாவம், வெயிலாயிற்றே என்று போகும்போதும் வரும்போதும் ஒரு குடம் ஊற்றினேன். நாற்றுகள் நின்ற இடத்திலேயே வேர் அழுகிச் செத்தன. செத்துவிட்டன என்று தெரியாமல் அதற்குப் பிறகும் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பலா ஆசை அந்தக் கோடையில்தான் வந்தது. கொல்லிமலைப் பலா இறங்குகிற நாட்களில் எங்கள் சந்தை முழுக்க அந்த வாசம்தான். அவள் ஒரு பழம் வாங்கி அறுத்தாள். ஒரு சுளை வாயில் போனதும் கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணைத் திறந்தபோது முடிவு எடுத்திருந்தாள். கொட்டைகளைப் புதைத்தாள். வழக்கப்படி தினமும் தோண்டிப் பார்த்தாள். கடைசியில் பொறுமை போய், எல்லாவற்றையும் எடுத்துக் கழுவிக் குழம்பில் போட்டுவிட்டாள். எங்கள் தோட்டத்திலிருந்து சமையலுக்கு வந்த முதல் விளைச்சல் அதுதான்.

"கொட்டையில வராது. மலைக்கே போயி நாத்தா எடுத்தாரோணும்" என்றாள்.

ஆடிப் பதினெட்டுக்குக் கொல்லிமலைச் சிவன் கோயிலுக்கு ஊர் ஊராகச் சனம் ஏறும். அதையே சாக்காக வைத்து நாங்கள் பெரியவர்கள் நான்கு பேரும் கிளம்பினோம். அடிவாரம் வரை மாட்டு வண்டி. அங்கிருந்து கால்நடையாக ஏற வேண்டும். வண்டியில் வரும்போது என் கணவர் எங்களுக்குத் தைரியம் சொன்னார். தறிக்குழியில் தான் நாள் பூராவும் மிதிக்கிற மிதிக்கு இந்த மலை எந்த மூலைக்கு என்றார். முதல் ஏற்றத்திலேயே ஒரு பாறையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். தறியில் அந்த மிதியெல்லாம் உட்கார்ந்துகொண்டே மிதிப்பது என்பது அங்கே வந்துதான் அவருக்கு ஞாபகம் வந்தது.

நங்கையாள் கனத்த உடம்புக்காரி. அவள்தான் எங்கள் எல்லோருக்கும் முன்னால் போனாள். பாதி வழியில் ஒரு குரங்கு என் கையிலிருந்த கட்டுச்சோற்று மூட்டையைப் பிடுங்கிக்கொண்டு கிளையில் ஏறியது. நங்கையாள் நிமிர்ந்து பார்த்து, வீட்டில் போடுகிற அதே குரலில், "வெய்யி கீழ" என்று ஒரு அதட்டல் போட்டாள். குரங்கு வைக்கவில்லை. பின்னால் தலையில் மற்ற மூட்டையோடு வந்துகொண்டிருந்த அவள் கணவர் வைத்துவிட்டார். இன்னொரு குரங்கு வந்து அதையும் எடுத்துக்கொண்டு போயிற்று.

மலைமேல் யார் யாரோ கொடுத்த சோற்றைத் தின்று, ஆற்றில் குளித்து, சாமி கும்பிட்டோம். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சியை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. தறியும் ராட்டையும் தவிர எதையும் கேட்டுப் பழகாத காதுக்கு அந்தத் தண்ணீர்ச் சத்தம் பெரிய சமாதானமாக இருந்தது. திரும்பிப் போக வேண்டாம் என்றுகூடத் தோன்றியது. பசி வந்ததும் அந்த எண்ணம் போய்விட்டது.

இறங்குகிற வழியில், ஓடையோரம் நின்ற ஒரு பெரிய பலாமரத்தடியில் நங்கையாள் நாற்று தேடினாள். முழ உயரத்தில் ஒன்று கிடைத்தது. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தாள், பால் வந்தது. "பால் வடியுது பாரு, பலாவேதான்" என்று சொல்லி, தாய்மண்ணோடு பெயர்த்து, கணவரின் துண்டை வாங்கிச் சுற்றிக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. அவர் துண்டில்லாமல் நனைந்தார். நாற்று நனையவில்லை.

ஈரப்பாறை ஒன்றில் அவளுக்குக் கால் வழுக்கிற்று. விழுந்தவள் நிற்கவில்லை. உட்கார்ந்த வாக்கில், நாற்றை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி, சரிவு முழுவதும் வழுக்கிக்கொண்டே போய்க் கீழே ஒரு புதரில் போய் நின்றாள். ஏறிக்கொண்டிருந்த சனம் ஒதுங்கி வழிவிட்டுக் கும்பிட்டது. ஏதோ வேண்டுதல் என்று நினைத்துவிட்டார்கள். நாங்கள் பதறி ஓடினோம். என் கணவர், எங்கே அடி, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"ஒரு எலைகூட ஒடியல தம்பி" என்றாள் அவள்.

இரண்டு பங்குக்கும் நடுவில் நாற்றை வைத்தோம். இந்தத் தடவை அவள் தோண்டிப் பார்க்கவில்லை. இலைதான் கண்ணுக்குத் தெரிந்ததே. பாவுக்குப் போட்டு மிஞ்சிய கஞ்சியைக் கொண்டுபோய் ஊற்றுவாள். கஞ்சி குடித்து அது மளமளவென்று வளர்ந்தது. தன் மகளைத் தம்மம்பட்டியில் கட்டிக்கொடுத்தபோது, கல்யாணப் பந்தியிலேயே சம்பந்தி வீட்டாரிடம், முதல் பழம் உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டாள்.

மரம் ஆளுயரத்தைத் தாண்டியபோது என் கணவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இலை பலா இலை மாதிரி இல்லையே என்றார். எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. சந்தைப் பக்கம் ஒரு வீட்டில் பலாமரம் இருந்தது. அதன் இலை தடிப்பாக, எண்ணெய் தடவியது போல் மினுங்கும். இது அப்படி இல்லை. நங்கையாளின் கணவரும் ஒருநாள் மரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துவிட்டு, உள்ளே போனார். எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாரும் சொல்லவில்லை. அந்தச் சரிவில் அவள் வழுக்கிக்கொண்டு வந்ததைப் பார்த்த எனக்கு எப்படி வாய் வரும்? பலா எப்போது காய்க்கும் என்று அவள் கேட்டால், நேரம் வந்தால் காய்க்கும் என்பேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஒருத்தர்கூடப் பொய் சொல்லாமலே ஒரு வீடு பல வருஷங்களுக்குப் பொய்யோடு குடித்தனம் நடத்த முடியும் என்பதை நான் அந்த மரத்தடியில்தான் கண்டேன்.

அப்புறம் ஒருநாள் காலையில் புழக்கடையிலிருந்து அவள் கூப்பிட்ட கூப்பாட்டில் இரண்டு வீட்டுத் தறியும் நின்றன. ஓடிப்போய்ப் பார்த்தோம். அடிமரத்தில், பட்டையை ஒட்டி, பச்சைப் பச்சையாகப் பிஞ்சுகள். பலாவும் அப்படித்தான் அடிமரத்தில் காய்க்கும். அவள் எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். அது ஒரு கேள்வியா, வெற்றியா என்று தெரியவில்லை. நான் ஆடிப்போனேன். இத்தனை காலம் அவளை நினைத்து இரக்கப்பட்டதெல்லாம் வீண் என்று தோன்றியது. என் கணவர் அன்று மத்தியானமே, தனக்கு ஆரம்பத்திலிருந்தே சந்தேகம் இருந்ததில்லை என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அவள் தம்மம்பட்டிக்குச் சொல்லி அனுப்பினாள். பிஞ்சுகள் எலுமிச்சை அளவு வந்தன. அங்கேயே நின்றுவிட்டன. பிறகு சிவக்க ஆரம்பித்தன. பலா சிவந்து யாரும் பார்த்ததில்லை. அப்போதும் நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

சம்பந்தியும் அவர் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். பழத்தைத் தூக்கிப் போக ஒரு சாக்கு, அறுக்க ஒரு பெரிய கத்தி, கையில் பால் ஒட்டாமல் இருக்கத் தடவிக்கொள்ள ஒரு சீசா நல்லெண்ணெய், எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். மலையடிவாரத்துக்காரர்கள், பலா அறுக்கத் தெரிந்தவர்கள். காப்பி குடித்துவிட்டுப் புழக்கடைக்கு வந்தார்கள். சம்பந்தி கத்தியைப் பிடித்தபடி மரத்தை அண்ணாந்து பார்த்தார். அடிமரத்தைப் பார்த்தார். மறுபடி அண்ணாந்து பார்த்தார்.

"சம்பந்தியம்மா, இது அத்தி மரமாச்சுங்களே" என்றார்.

நங்கையாள் கொஞ்சமும் அசரவில்லை.

"அத்திதானுங்க. எனக்குத் தெரியாதா? இவங்கதான் எல்லாரும் பலா பலான்னு சொல்லிட்டு இருந்தாங்க. ஆசையா இருக்கறாங்க, அதை ஏன் கெடுப்பானேன்னு நானும் சும்மா இருந்துட்டேன்."

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் நங்கையாளின் கணவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது. முதலில் சிரித்தது சம்பந்தியின் மனைவிதான். அதற்குப் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. நங்கையாள் மட்டும் சிரிக்காமல் நின்று, நாங்கள் முடிக்கட்டும் என்று காத்திருந்தாள். முடித்ததும், சிவக்காத காய்களைப் பறிக்கச் சொன்னாள். அன்று அத்திக்காய்ப் பொரியல். கொண்டுவந்த நல்லெண்ணெயிலேயே தாளித்தோம். சம்பந்தி இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கத்தியைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு ஊருக்குப் போனார்.

அவள் சொன்னது எவ்வளவு நிசம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிஞ்சு விட்ட காலையில் அவள் எங்கள் முகங்களைப் பார்த்த பார்வையை நினைத்தால், கொஞ்சம் நிசமாகவே இருக்கலாம் என்று தோன்றும்.

பழம் பழுக்க ஆரம்பித்ததும் பறவைகள் வந்தன. மைனா, கிளி, பேர் தெரியாத பச்சைக் குருவிகள், அணில்கள். கொடியில் உலர்த்திய நூலின் மேல் நாங்கள் போடாத நிறமெல்லாம் விழுந்தது. மரத்தை வெட்டிவிடலாம் என்றார் என் கணவர். நங்கையாள் கொடிகளை அவிழ்த்துக்கொண்டுபோய் வீட்டின் பக்கவாட்டில் கட்டினாள். பேச்சு அதோடு முடிந்தது.

பிறகு வந்த உலகச் சண்டைக் காலத்தில் நூல் கிடைக்காமல் தறிகள் நின்றன. ஆண்களுக்குக் கையில் வேலையில்லை. வீட்டுக்குள் நின்ற தறியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாமல் புழக்கடைக்கு வந்து மரத்தடியில் உட்காருவார்கள். சாப்பாடு சுருங்கிப்போன அந்த மாதங்களில் அத்திக்காய்ப் பொரியல் அடிக்கடி இலைக்கு வந்தது. நங்கையாளின் கணவர் காலையிலிருந்து பொழுது சாயும் வரை அண்ணாந்தே உட்கார்ந்திருப்பார். ஒருநாள் அவராகவே வாயைத் திறந்தார். பலாவாக இருந்திருந்தால் இத்தனை குருவி வந்திருக்காது என்றார்.

"குருவி வந்து என்னத்துக்கு ஆச்சு" என்றாள் நங்கையாள்.

மறுநாள் மரத்தடியில் ஒரு உடைந்த பானையின் அடிப்பாகம் இருந்தது; அதில் தண்ணீர் இருந்தது. தினமும் கழுவி நிரப்பிவைத்தாள். எதற்கு என்று கேட்டேன். கோழிக்கு என்றாள். எங்கள் இரண்டு வீட்டிலும் கோழி கிடையாது.