மலைவிழுங்கி மன்னனை விடாத ஞானதாசன் அத்தான்

திமிங்கலமே கண்டால் வெட்கப்படும் ஒரு நெய்மீனுக்குக் கருங்கல் ஊர்ச் சந்தையில் நான் விலை பேசிக்கொண்டிருந்தபோது அக்காள் போனில் அழைத்தாள். "உனக்க அத்தான் போயிட்டாவ, மக்கா." மீனை அப்படியே விட்டுவிட்டு நடந்தேன்.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஞானதாசன் அத்தான் பெயின்ட் கடை நடத்தியவர்; 'உப்புக்கோட்டை' என்னும் மாய நாவலை எழுதியவர். மலைகளை உடைத்துத் தின்னும் மலைவிழுங்கி மன்னனை ஒரு மீனவப் பெண் வீழ்த்தும் கதை. எழுத எழுதக் கடையில் வாசித்துக் காட்டுவார்; போர்க்களத்தை அவர் வாசித்தால் வட்டக்கோட்டைக் கடலே பயந்து பின்வாங்கும்.

எங்கள் திருச்சபையைச் சேர்ந்த கல்குவாரி முதலாளி ஒருநாள் கடைக்கு வந்தார். மன்னன் தன்னைப் போலிருக்கிறான் என்று ஊர் சிரிக்கிறதாம். அவன் மனந்திரும்பி நாட்டை ஆள்வதாக முடிவை மாற்ற வேண்டுமாம்.

"நான் எழுதினது அரக்கனைப் பத்தி. அவனுக்க நாற்காலியில நீரே வந்து இருந்தா நான் என்ன வேய் செய்ய?" என்றார் அத்தான்.

முதலாளியின் ஆட்கள் யாரும் பிறகு பெயின்ட் வாங்கக் கடைப்பக்கம் வரவில்லை. அத்தான் அசையவுமில்லை.

நாவல் முடிந்த ஆண்டு, சபையின் அறுப்பின் பண்டிகையில் முதல் விளைச்சலைக் காணிக்கையாக்கி ஏலம் விடும் வழக்கப்படி, பலாப்பழத்துக்கும் சேவலுக்கும் நடுவே கையெழுத்துப் பிரதியைக் கொண்டுபோய் வைத்தார். நகல் எடுத்தீரா என்று பதறினேன்.

"சக்கைப்பழத்துக்கு நகல் எடுத்துட்டா மாப்பிளே காணிக்கை வைக்கோம்?"

ஏலத்தில் எடுத்ததைத் திரும்ப ஏலத்துக்கே தருவதும் எங்கள் வழக்கம்தான். முதலாளி எடுத்தார், தரவில்லை. காகிதக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். அக்காள் அழுதாள். அத்தான் மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

"கட்டுதான் உமக்க கக்கத்தில. கதை எனக்க நாக்கில. இரும், கேட்டுட்டுப் போவும்."

கடைசி அத்தியாயத்தை ஒரு சொல் விடாமல் சொன்னார். சேவலே கூவ மறந்தது.

அதன்பின் மாலைதோறும் கடையில் சொன்னார். மீண்டும் எழுதும்படி கெஞ்சினோம். "எழுதினா ஒருத்தன் எடுத்துட்டுப் போவான். ஒங்க எல்லாருக்க வாயையும் ஏலத்தில எடுக்க முடியுமா?" என்றார். நாங்கள் மனப்பாடம் செய்தோம்.

நேற்று அடக்கம். லாரிச் சக்கரம் அளவு மலர்வளையத்தோடு முதலாளியும் வந்திருந்தார். போதகர் ஜெபித்து முடித்ததும், பாடகர் குழுப் பெண் ஒருத்தி கடைசி அத்தியாயத்தின் முதல் வரியைச் சொன்னாள். அடுத்ததை அக்காள் சொன்னாள். பிறகு கல்லறைத் தோட்டமே சொன்னது. கூட்டத்தில் முதலாளிக்கு வெளியேற வழியில்லை. மன்னன் விழும்வரை நின்று கேட்டார்.

போய் வாரும் அத்தான். மண் போடும் முன்பே அவனை முடித்துவிட்டோம்.