புது மொடல் வரும்வரை

சைக்கிளைத் தவிர வேறு எதையும் நான் றோட்டில் ஓட்டியதில்லை. ஆனால் கணினித் திரையில் ஒரு நீட்டு லொறியைப் பின்பக்கமாக எடுத்து, கீறல் விழாமல் கிட்டங்கி வாசலில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவேன். குருநகரில் இதைச் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்ப வேண்டும் என்று நானும் சொல்லித் திரிவதில்லை.

தபாற் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்ற வருடம் கனடாவில் இருந்து என் மகள் வந்து நின்றாள். தான் படித்த காலத்தில் பாவித்து விட்டுப்போன பழைய லப்டொப்பைத் துடைத்தெடுத்து, அதில் இந்த லொறி விளையாட்டைப் போட்டுத் தந்துவிட்டுப் போனாள். இரண்டு பேர் இரண்டு நாட்டில் இருந்தபடி ஒரே வீதியில் லொறி ஓட்டலாம். ஓட்டிக்கொண்டே பேசலாம். சனிக்கிழமை பின்னேரம் செபத்தை முடித்துக்கொண்டு நான் மேசையில் உட்காரும்போது அவளுக்கு அங்கே விடிந்திருக்கும். அவளுடைய லொறி முன்னால் போகும், என்னுடையது பின்னால் போகும்.

வட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசினால் எங்கள் இருவருக்கும் கதை வராது. "சாப்பிட்டனியோ", "என்ன கறி" என்பதோடு முடிந்துவிடும். மிச்ச நேரத்தில் நான் அவள் மெலிந்துபோனாள் என்பேன், அவள் முகத்தைச் சுளிப்பாள், அதைப் பார்த்து எனக்குக் கோபம் வரும். லொறியில் முகம் தெரியாது. இருவரும் றோட்டைத்தான் பார்க்கிறோம். அதனாலோ என்னவோ அவள் தன்பாட்டில் கதைப்பாள். வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் மேலாளரோடு முட்டுப்பட்டது, பனியில் வழுக்கி விழுந்து கை வீங்கியது, பேசி வந்த கலியாணத்தை ஏன் வேண்டாம் என்றாள் என்பது, எல்லாம் நான் லொறிக்குள் இருந்து கேட்டவைதான். அவளைப் பெற்று வளர்த்த காலத்தில் தெரியாததை அந்தச் சனிக்கிழமைகளில் தெரிந்துகொண்டேன். எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் பெரிய விஷயம்.

பிறகு விளையாட்டுக்காரர் புதிதாகச் சில நாடுகளைச் சேர்த்தார்கள். பழைய லப்டொப் அதைத் தாங்கவில்லை. ஒரு பெரிய பாலத்துக்குக் கிட்டப் போனதும் படம் துண்டு துண்டாக நிற்கும், உள்ளே காற்றாடி இரையும், விசைப்பலகை தோசைக்கல் மாதிரிச் சுடும். மகள் பாலத்துக்கு அங்காலே போய்க் காத்து நிற்பாள். "அம்மா, வாறியளோ?" என்று கேட்பாள். நான் பாலத்தின் நடுவில் நிற்பேன். சில கிழமைகள் இப்படிப் போக, விளையாட்டுத் திறக்கவே மறுத்துவிட்டது. நாங்கள் மறுபடியும் வட்ஸ்அப்புக்கும் என்ன கறிக்கும் வந்து சேர்ந்தோம்.

புது லப்டொப் வாங்க வேண்டும் என்பதில் வீட்டில் இரண்டு கருத்து இல்லை. எதை வாங்குவது என்பதில்தான் சண்டை. லொறி ஓட்டுவதற்கு கேமிங் லப்டொப் என்ற சாதிதான் சரிவரும் என்று மகள் சொன்னாள். சொன்ன கையோடு, "ஆனா இப்ப வாங்காதேங்கோ" என்றும் சொன்னாள். அடுத்த புரொசசர் வரப்போகிறதாம். சூடு குறைவு, கரண்டும் குறையக் குடிக்கும், படமும் வேகமாக ஓடும். இப்போது கடையில் கிடப்பதை வாங்கினால் இரண்டொரு மாதத்தில் பழசாகிவிடும். "பாஸ்காவுக்கு வரேக்கை நானே கையிலை கொண்டு வாறன்" என்று ஈஸ்டர் லீவைச் சொன்னாள்.

என் கணவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் ஐஸ் தொழிற்சாலையில் இயந்திரம் பார்த்தவர், வீட்டில் வைத்துப் படகு எஞ்சின்களும் திருத்தியவர். எங்கள் கரையில் ஒரு பழக்கம் உண்டு. புது மொடல் எஞ்சின் ஒன்று வந்தால் முதல் வருடம் ஒருவரும் வாங்கமாட்டார்கள். ஆராவது அவசரக்காரன் வாங்கி, உப்புக் காற்றில் அது எப்படி நிற்கிறது, பழுதானால் யாழ்ப்பாண ரவுணில் சாமான் கிடைக்கிறதா என்று மற்றவர்கள் பார்த்து முடித்த பிறகுதான் கை வைப்பார்கள். நடுக்கடலில் நின்றுபோனால் கொம்பனிக்காரன் வந்து இழுக்கமாட்டான் அல்லவா? அவர் லப்டொப்பையும் அந்தக் கண்ணாலேதான் பார்த்தார்.

"முதல் வருசச் சாமானுக்குக் கை வைக்கப்படாது" என்றார். "போன வருசத்து மொடல் ரவுணிலை கிடக்கு. ஓடிக் களைச்சுப் பாத்த சாமான். அதை வாங்குவம்."

இரண்டு கண்ணாடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு அவர் தொலைபேசியில் ஒப்பீட்டு வீடியோக்கள் பார்த்தார். புதியதில் எத்தனை கோர், பழையதில் எத்தனை கோர், கிராபிக்ஸ் கார்ட் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதானா, மெமரியைப் பிறகு கூட்டலாமா, பலகையோடு ஒட்டி வைத்திருக்கிறார்களா என்று எல்லாம் மகளிடம் கேட்டார். அவள் புது மொடல் பழையதைவிட இவ்வளவு வேகம் என்று ஒரு படம் அனுப்பினாள். அவர் அதைப் பெருப்பித்துப் பார்த்துவிட்டு, "அவங்கள் குளிரறைக்குள்ளை வச்சுச் சோதிச்சிருக்கிறாங்கள். எங்கடை சித்திரை வெய்யிலிலை வச்சுச் சோதிச்சுக் காட்டட்டும்" என்றார். கனடாவில் வாங்கினால் இங்கே உத்தரவாதம் செல்லாது என்பதும் அவருக்கு ஒரு பிடி. பழுதானால் பெட்டியோடு கனடாவுக்குத் திருப்பி அனுப்புவதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

நான் மகளின் பக்கம் நின்றேன். புரொசசரில் எனக்கு என்ன அக்கறை? பாலத்தைத் தாண்டினால் போதும். ஆனால் அவள் "வரேக்கை" என்று சொல்லியிருந்தாள். வந்து நாலு வருடத்துக்கு மேலாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் தபாலில் வருவது குறைவு, ஆளோடு வரும். தபாற் கந்தோரில் இருந்தவள் நான், எனக்குத் தெரியாதா? ஆள் வந்து இறங்கிய மறுநாள் காலையில் சூட்கேஸ் திறக்கிற நேரத்துக்குச் சொந்தக்காரர் எல்லாம் "சும்மா வந்தனாங்கள்" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். விறாந்தையில் இருக்கக் கதிரை காணாது. சாமான் வர வேண்டும் என்றால் ஆளும் வர வேண்டும். ரவுணில் பழைய மொடலை வாங்கி வைத்தால் அவள் வருவதற்கு இருக்கிற ஒரே சாட்டும் போய்விடும் என்று பயந்தேன். அந்த லப்டொப் அவளை இழுத்துக்கொண்டு வரும் கயிறு என்று நினைத்தேன். அதனால் கணவரை வாங்கவிடவில்லை.

பாஸ்கா வந்தது, புது மொடல் வரவில்லை. ஏதோ ஒரு சிப்புக்குத் தட்டுப்பாடாம், வெளியிடும் திகதியைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். "அப்ப கோயில் திருநாளுக்கு வாறன் அம்மா, அதுக்கிடையிலை வந்திடும்" என்றாள். நான் முன்பின் தெரியாத அந்தக் கொம்பனியை மனத்துக்குள் திட்டிக்கொண்டு பொறுத்திருந்தேன். சனிக்கிழமைகளில் வட்ஸ்அப்பில் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்டுமில்லை, நித்திரை காணாது" என்றாள். லொறியில் என்றால் சொல்லியிருப்பாள்.

ஆடி மாதம் கோயில் திருநாள் கொடியேற்றத்துக்கு வீதி கூட்டிக்கொண்டிருந்த நேரம் அவளிடம் இருந்து குரல் செய்தி வந்தது. மறுபடி தள்ளிப் போட்டுவிட்டார்களாம். மார்கழிதானாம். "நத்தாருக்குப் பாப்பம் அம்மா."

எனக்கு வந்த கோபத்தில் விளக்குமாற்றை வேலியில் சாத்திவிட்டு, உடுப்பை மாற்றிக்கொண்டு, கணவரையும் இழுத்துக்கொண்டு ரவுணுக்கு ஓட்டோ பிடித்தேன். வருவதும் இல்லை, விடுவதும் இல்லை, இது என்ன விளையாட்டு? வராவிட்டால் போகட்டும், குரலையாவது ஒழுங்காகக் கேட்கிறேன் என்றுதான் போனேன்.

"பேரப்பிள்ளைக்கோ அன்ரி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எனக்கு" என்றேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அந்த லொறி விளையாட்டைப் போடச் சொன்னேன். அந்தப் பாலத்துக்குப் போனேன். படம் ஒரு இடத்திலும் நிற்கவில்லை, தண்ணீர்கூடப் பளபளவென்று தெரிந்தது. விசைப்பலகையில் திருநாள் வீதி மின்குமிழ் மாதிரி கலர் கலராக எரிந்தது, அதை மட்டும் நிற்பாட்டச் சொன்னேன். கணவர் ஒரு எஞ்சினைப் பார்ப்பது போலப் பின்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, "சூடு வெளியிலை போகுது. நல்லது" என்றார். போன வருடத்து மொடல். வாங்கிக்கொண்டு வந்தோம்.

அந்தச் சனிக்கிழமை மகளுக்கு ஒன்றும் சொல்லாமல் விளையாட்டைத் திறந்தேன். நான் வந்திருப்பது அவளுக்குத் திரையில் தெரிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அவளுடைய லொறி எனக்கு முன்னால் வந்தது. இருவரும் பாலத்தில் ஏறி இறங்கினோம்.

"அம்மா, எப்பிடி அம்மா பாலம் தாண்டினனீங்கள்?"

"லப்டொப் வாங்கிப்போட்டன்."

"எந்த மொடல்?"

"போன வருசத்தது."

அவளுடைய லொறி இடப்பக்கம் சிக்னல் போட்டு றோட்டுக் கரையில் நின்றது. நானும் பின்னால் நிறுத்தினேன்.

"அப்ப நான் என்னத்தைக் கொண்டு வாறது?" என்று கேட்டாள்.

"நீ வந்தால்தானே கொண்டு வாறதுக்கு?" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன். அவளும் திருப்பிச் சுடுவாள் என்று பார்த்தேன். சுடவில்லை. மெதுவாகத்தான் கதைத்தாள்.

"போன முறை சூட்கேஸ் திறக்கேக்கை மாமி சொன்னது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் குசினிக்குள்ளை தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிண்டனீங்கள். இத்தினை வருசம் கனடாவிலை இருந்து இவ்வளவுதானோ கொண்டு வந்தவள் எண்டு கேட்டவ. எல்லாரும் சிரிச்சவை. அடுத்த முறை வந்தா ஒருத்தரும் வாய் திறக்காத மாதிரி ஒரு சாமானோடை வாறது எண்டு நினைச்சனான். அதுதான் உந்தப் புது மொடலுக்காகப் பாத்துக்கொண்டு இருந்தனான். அது வராமல் எப்பிடி வாறது?"

மாமி என்றால் என் கணவரின் தமக்கை, எனக்கு மச்சாள். அவ அப்படிக் கேட்டிருப்பா என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. நாலு வருடமாக மகள் அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு இருந்திருக்கிறாள். நானோ அவளை இழுக்கும் கயிறு என்று அந்த லப்டொப்பை நினைத்துக்கொண்டு இருந்தேன். கயிறு அவளுடைய காலில் அல்லவா கட்டியிருந்தது? எனக்கு அழுகை வந்தது. ஹெட்போனில் கேட்டுவிடும் என்று மூக்கை உறிஞ்சாமல் இருந்தேன்.

"பிள்ளை, நீ கையை வீசிக்கொண்டு வா" என்றேன்.

"சனம் என்ன சொல்லும் அம்மா?"

"சனத்துக்கு நான் சொல்லுறன். நீ வா."

இரண்டு லொறியும் வெகுநேரம் கரையில் நின்றன. பக்கத்தால் ஆரோ தெரியாதவர்களின் லொறிகள் ஹோர்ன் அடித்துக்கொண்டு போயின. பிறகு அவளுடைய சிக்னல் வலப்பக்கம் எரிந்தது. "லீவு கேட்டுப் பாக்கிறன்" என்றாள்.

லீவும் அவசர டிக்கெட்டும் கிடைத்து, கோயில் திருநாள் முடிவதற்குள் வந்துவிட்டாள். மறுநாள் காலையில் வழமைபோலச் சனம் சும்மா வந்தது. மச்சாளும் முன் கதிரையில் இருந்தா. மகள் விறாந்தையில் சூட்கேஸைத் திறந்தாள். உள்ளே அவளுடைய உடுப்பும் ஒரு சோடி சப்பாத்தும் இருந்தன. மற்றப் பாதி வெறுமை, திரும்பிப் போகும்போது மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கொண்டுபோக விட்டு வைத்தது. சனம் பெட்டியைப் பார்த்தது, பிறகு கதவுப் பக்கம் பார்த்தது. இன்னொரு பெட்டி வரும் என்று நினைத்திருப்பார்கள்.

"வேறை பெட்டி இல்லையோ?" என்று மச்சாள் கேட்டா.

இந்த முறை நான் குசினிக்குள் போகவில்லை. தேத்தண்ணியை முதலே போட்டு வைத்துவிட்டு மகளுக்குப் பக்கத்தில் நின்றேன். "இல்லை மச்சாள், இவ்வளவுதான்" என்றேன். அவ தேத்தண்ணியைக் குடித்தா. அன்று எல்லாரும் வேளைக்கே எழும்பிப் போனார்கள்.

சனிக்கிழமை பின்னேரம் பழக்க தோஷத்தில் கணவர் லப்டொப்பைத் துடைத்து மேசையில் வைத்தார். நானும் மகளும் பின்கதவுப் படியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்து, கறிக்கு நண்டு உடைத்துக்கொண்டிருந்தோம். அவள் நண்டைப் பார்த்தபடி எதையோ சொல்லத் தொடங்கினாள். நானும் நண்டைப் பார்த்தபடி கேட்டேன். அவள் நின்ற நாட்களில் அந்த லப்டொப்பை ஒருவரும் திறக்கவில்லை.